உயிர் பிழைத்தால் போதுமா? கூலி வேண்டாமா?

“சிகிச்சைதான் இலவசமாயிற்றே, இவர்களுக்கு இன்னும் என்ன வேண்டுமாம்?” மார்பகப் புற்றுநோய் கண்ட தொழிலாளிப் பெண்களைப் பற்றிக் கனவான்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். பதில் சொல்லுவோம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இதுவே. 2022ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி, அந்த ஒரே வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது. சுமார் 98,000 பேர் மாண்டார்கள். காலத்தோடு கண்டுபிடித்தால் பிழைக்கலாம்; பிழைத்தவர்களும் ஏராளம். ஆனால் பிழைத்தவள் எப்படி ஜீவிக்கிறாள்? அதைக் கேட்பார் இல்லை!

கையே அவள் சொத்து

அறுவையின்போது அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்கிறார்கள். அங்கே நிணநீர் வடியும் வழி அறுபடுகிறது. அக்குள் கட்டிகளை முழுவதும் எடுத்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குக் கை வீங்கிப்போகிறது. வருஷங்கள் கழித்தும் வரும். வீங்கிய கையில் முள் குத்தினால்கூடப் புண்ணாகி வீக்கம் ஏறலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது தொல்லை. நாற்று நடுகிறவளுக்கும், களை பறிக்கிறவளுக்கும், ஆலையில் ஷிப்டு முழுவதும் அறுந்த இழையை முடிகிறவளுக்கும் இது வயிற்றில் விழுந்த அடி!

இதைக் குறைக்க வழி உண்டு. நோயை ஆரம்பத்திலேயே கண்டால், ஓரிரு கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்து, பரவவில்லை என்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். வீங்கிய கைக்குப் பயிற்சியும் இறுக்கமான கையுறையும் உண்டு. உறை தளர்ந்துபோகும், சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கூலிக்காரி எதைக் கொண்டு மாற்றுவாள்?

போன கூலிக்கு யார் பொறுப்பு?

மருந்து ஏற்றப் பல மாதம் ஆஸ்பத்திரிக்கு நடை. கதிர் சிகிச்சைக்கு வாரம் 5 நாள், பெரும்பாலும் 3 முதல் 5 வாரம். பலருக்கு அதன் பின் மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும். போன கூலியை ஏற்குமா? துணைக்கு வந்த மகள் இழந்த கூலியை ஏற்குமா?

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் படி உண்டு. புற்றுநோய்க்கு 80 சதவீதம், 2 வருஷம் வரை நீட்டிக்கலாம். நல்லதுதான். ஆனால் 2 வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கே இந்த நீட்டிப்பு. அடிக்கடி நிறுத்தப்பட்டு மறுபடி சேர்க்கப்படும் காண்டிராக்ட் பெண்ணுக்கு ஏது? வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது!

ரிப்பனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

அக்டோபர் வந்தால் கட்டடங்களில் இளஞ்சிவப்பு விளக்கு. சட்டையில் இளஞ்சிவப்பு ரிப்பன். இதன் சரித்திரம் தெரியுமா? அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற அம்மையார், புற்றுநோய்த் தடுப்புக்குச் சர்க்கார் அதிகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு, வெளிர் ஆரஞ்சு நிற ரிப்பன்களைத் தம் கையாலேயே செய்து விநியோகித்தார். 1992இல் ஒரு பத்திரிகையும் ஓர் அழகுசாதனக் கம்பெனியும் அந்த ரிப்பனைக் கேட்டன. வியாபாரத்துக்குத் தர அவர் மறுத்தார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். ரிப்பன் நின்றது; கோரிக்கை போயிற்று!

நாம் கேட்பது இதுதான்:

1. சிகிச்சைக் காலம் முழுவதும் கூலிக்கு ஈடான படி. விவசாயத் தொழிலாளிக்கும், காண்டிராக்ட் தொழிலாளிக்கும்.

2. திரும்பி வருகிறவளுக்குக் கூலி குறையாமல் இலகுவான வேலை.

3. கையுறையும் கைப்பயிற்சியும் ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

4. கிராமத்திலும் ஆலை வாசலிலும் மார்பகப் பரிசோதனை. அந்த நாளுக்குச் சம்பளம்.

ஆண் தோழர்களே! “பெண்கள் சமாச்சாரம்” என்று கூசி ஒதுங்காதீர்கள். உங்களோடு உழைத்த கை அது. அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் விஷயமாக இதை எடுங்கள். ஈ.எஸ்.ஐ. படிக்கு உரிமையுள்ள சகோதரி ஒருத்திகூட விண்ணப்பிக்காமல் விடுபடக் கூடாது. உரிமையே இல்லாத சகோதரிக்காகச் சங்கம் கொடி பிடிக்கட்டும்!