வெல்லாத மண்ணை விலைபேசியோர்

ஸ்பெயினை எதிர்த்து 1896இல் கிளர்ந்தெழுந்த பிலிப்பைன் மக்கள், 1898 ஜூன் 12இல் விடுதலைப் பிரகடனம் செய்தனர். அவர்களைக் கேளாமலே அவ்வாண்டு டிசம்பரில், பாரிஸ் உடன்படிக்கைப்படி தீவுகளை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது ஸ்பெயின். மூன்று நூற்றாண்டுகள் போரிட்டும் முற்றாக அடக்கவியலாத மிந்தனாவோ முஸ்லிம்களின் மண்ணும் அவ்விலையில் அடக்கம்!

எங்கோ நடந்த கதை என்போர், ஓசூர்ச் சாலையில் வருகையில் கிருஷ்ணகிரி மலையை அண்ணாந்து பார்க்கட்டும். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை, அம்மலைக்கோட்டையைப் பிடிக்க இயலாமல் பின்வாங்கியது. அங்கே வாளால் பெறாததை 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பெற்றது. திப்புவின் பாராமகால் முழுதும் பறிபோயிற்று.

இதனை 'மன்னர் சண்டை' என ஒதுக்குவது அறியாமை. கைமாறியது மகுடமன்று, மக்கள் வாழ்ந்த மண். ஆலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அம்மலையை வெறும் வழிக்குறியாகவே அறிவரெனில், சொல்லாத குற்றம் நம்முடையதே அன்றோ?