தமிழில் பேச எந்த எண்?

ஒரு நிலத்தில் எம்மொழி ஆள்கின்றது என்பதை அறிதற்குச் சட்டப் பொத்தகத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. தொலைப்பேசியை எடுத்து ஒரு வைப்பகத்தையோ, எரிவளி உருளை வழங்கும் நிறுவனத்தையோ அழைத்துப் பார்த்தாற் போதும். முதலில் ஒலிப்பது எம்மொழிக் குரல்? தமிழுக்குரிய எண் எத்தனையாவதாகச் சொல்லப்படுகின்றது? அவ்வெண்ணை அழுத்தியபின் எத்துணைப் பொழுது காத்துக் கிடக்க வேண்டியுள்ளது? இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடையைக் கொண்டே, அங்கு ஆள்வது எம்மொழி என்று துணிந்து சொல்லிவிடலாம்.

புதுவைக்குத் தமிழை ஆட்சிமொழியாக ஏற்றது 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். பாவேந்தர் பாரதிதாசன் பிறந்த மண் அது. அம்மண்ணின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் (பிரெஞ்சியர் போயினர், அவர் இட்ட பெயர் போகவில்லை!) ஊசுட்டேரியையும் பாகூர் ஏரியையும் நம்பி நெல் விளைக்கும் உழவருள் பெரும்பாலார்க்குத் தமிழே பேச்சு, தமிழே கணக்கு, தமிழே வழக்கு. அவர்தம் பயிரில் நோய் கண்டாலும், வைப்பகக் கணக்கில் போட்ட பணம் களவு போனாலும், அலுவலகத்தார் தரும் விடை ஒன்றே: ‘இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.’ அவ்வெண்ணுக்கு அப்பால் இருப்பது, ஊரார் ‘கால் சென்டர்’ என வழங்கும் அழைப்பு நடுவம்.

அழைப்பை எங்குத் திருப்புவது என்னும் முடிவு எவரிடம் உள்ளதோ அவரிடமே ஆற்றலும் உள்ளது. இது புதிதாகக் கண்ட உண்மையன்று. அமெரிக்காவின் கன்சாசு நகரில் பிண அடக்கத் தொழில் செய்த ஆல்மன் இசுட்ரோசர் என்பார், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகப் பெண் தம் போட்டியாளருக்கே திருப்பிவிடுகிறார் என்று ஐயுற்றாராம். அவ்வையமே தானியங்கி இணைப்புப் பொறியை அவர் ஆக்கத் தூண்டுதலாயிற்று என்பர். 1891ஆம் ஆண்டில் அப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மாந்தன் செய்யும் ஓரவஞ்சனையைப் பொறி செய்யாது என்பது அன்றைய நம்பிக்கை. பொறி தானாக வஞ்சிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால், வஞ்சனையை அதற்குக் கற்பித்துவிட்டால் அதனைக் களைப்பின்றிச் செய்துகொண்டே இருக்கும்!

இன்றைய அழைப்பு நடுவத்தில் நிகழ்வது யாது? அழைத்தவர் ஓர் எண்ணை அழுத்தியதும், அம்மொழிக்குரிய வரிசையில் அவர் நிறுத்தப்படுகிறார். அவ்வரிசைக்கென அமர்த்தப்பட்டவருள் ஓய்ந்திருப்பவர்க்கு அவ்வழைப்பைப் பகிர்வுப் பொறி தள்ளுகின்றது. ஒரு வரிசைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதோ முன்னைய அழைப்புகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றும் நீண்ட பொழுதையும் கொண்டு கணிக்கப்படுகின்றது. கோபனேகன் தொலைப்பேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங்கு என்னும் கணக்கறிஞர் 1917இல் வெளியிட்ட வாய்பாடுகளே இக்கணிப்புக்கு அடிப்படை.

இவ்விடத்தில்தான் தமிழர் விழித்துக்கொள்ள வேண்டும். தமிழ் வரிசையில் பத்துப்பேர் நிற்கின்றனர் எனக் கொள்வோம். ஆள் குறைவாகலின் வரிசை நகரவில்லை. இருவர் சலித்து இணைப்பைத் துண்டிக்கின்றனர். சிறிது ஆங்கிலம் கற்ற இருவரோ, ‘இது விரைவில் முடியும்’ என்று ஆங்கிலத்துக்குரிய எண்ணை அழுத்துகின்றனர். எடுத்துப் பேசிய அழைப்புகளை மட்டும் எண்ணினால், திங்கள் இறுதியில் தமிழ்க் கணக்கில் ஆறுபேரே எஞ்சுவர். ‘தமிழுக்கு வேண்டுகை குறைவு’ என்று ஏடு காட்டும். அடுத்த திங்கள் தமிழிருக்கை ஒன்று குறையும். வரிசை மேலும் நீளும். மேலும் பலர் விலகுவர். எவரும் தமிழை விலக்கி ஆணையிடவில்லை. ஆயினும் தமிழ் விலக்கப்பட்டுவிட்டது. எண்ணப்படாத தமிழ், நாளடைவில் இல்லாத தமிழாகிவிடும்!

குறை சொல்ல அழைக்கும் தொலைப்பேசி நுகர்வோர்க்கு, குரற்பட்டியின் முதற்படியிலேயே மொழித் தேர்வு இருத்தல் வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நன்று. ஆனால் வாயில் திறந்திருந்தும் உள்ளே ஆளில்லையெனின் விருந்தினனுக்கு என்ன பயன்? மொழித் தேர்வு வேறு, மொழியுரிமை வேறு.

‘ஒவ்வொரு மொழிக்கும் ஆள் அமர்த்தினால் செலவு கட்டாது’ என்பார் உளர். அவர்க்கு விடை அரசே நடத்தும் ஓர் அமைப்பில் உள்ளது. நடுவணரசு 2004 சனவரி 21ஆம் நாள் தொடங்கிய உழவர் அழைப்பு நடுவத்தைக் கட்டணமில்லா எண் 1800-180-1551 வழியாக எந்நாளும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைக்கலாம். 22 மொழிகளில் அங்கு விடை கூறப்படுகின்றது. வேளாண்மை கற்றவரே விடையிறுக்கின்றனர். (அதற்கு இட்ட பெயரோ ‘கிசான் கால் சென்டர்’, உழவனைச் சுட்டும் சொல்லும் தமிழன்று!) இருபத்திரண்டு மொழிக்கு இயன்றது ஒரு தமிழுக்கு இயலாதா? ஆயினும் அங்கும் ஒரு குறை உண்டு. பாகூர் உழவன் இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றித் தமிழில் கேட்கிறான். விடையும் தமிழில் பெறுகிறான். ஆனால், வெளியிடப்பட்டுள்ள தமிழகத்துப் பதிவுகளைப் பார்ப்பின், வினாவும் விடையும் பெரும்பாலும் ஆங்கிலத் தொடர்களாகவே உள்ளன. அவன் வாயில் தமிழ் இருந்தது, ஏட்டில் இல்லை.

தனியார் துறையின் நிலையை 2021 அக்டோபரில் நிகழ்ந்த சொமாட்டோ நிகழ்ச்சி உலகறியக் காட்டியது. உணவுப்பொருள் வந்துசேராமைக்கு முறையிட்ட தமிழர் ஒருவர்க்கு, இந்தி நாட்டுமொழி ஆகலின் ஓரளவேனும் அதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று எழுத்துரையாடலில் பணியாளர் ஒருவர் அறிவுரை பகர்ந்தார். தமிழ்நிலம் கொதித்தெழுந்தது. நிறுவனம் தமிழில் பொறுத்தருள வேண்டிற்று. அப்பணியாளரை நீக்கிப் பின் மீண்டும் சேர்த்தது. கோவையில் தமிழ் அழைப்பு நடுவம் அமைப்பதாகவும் கூறியது. இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. தமிழறியாத ஒருவர்முன் தமிழரின் குறையைக் கொண்டு நிறுத்தியது அப்பணியாளரா, பகிர்வு முறையா? அம்பை நொந்து பயனென்ன? எய்தவனைக் கேட்டல் வேண்டும்.

அம்பின் நிலையும் இரங்கத்தக்கதே. அழைப்பு நடுவப் பணியாளரின் நாள் முழுதும் நொடிக்கணக்கில் பதியப்படுகின்றது. அமர்ந்த பொழுது, எடுத்த அழைப்புகள், ஒவ்வொன்றிலும் பேசிய நொடிகள், பேசியபின் எழுதிய நொடிகள், எழுந்து சென்ற இடைவேளை யாவும் பொறியின் ஏட்டில் ஏறுகின்றன. வில்லியனூர் மூதாட்டி ஒருத்தி தன் குறையைத் தன் வழக்கில், தன் நடையில் சொல்லி முடிக்கப் பொழுது கூடுதலாகும். பொறுமையாகக் கேட்ட பணியாளர்க்குச் சராசரி நொடி ஏறும், மதிப்பெண் இறங்கும். அவளை இடைமறித்து விரட்டியவரோ திறவோர் எனப் போற்றப்படுவார்! குறை தீர்ந்ததா என்பதை விட்டுப் பேச்சு முடிந்ததா என்று மட்டும் அளக்கும் அளவுகோல், பேசுவோர் கேட்போர் இருவரையுமே பொறியின் உறுப்பாக்கிவிடுகின்றது.

பாகூர் மண்ணிலேயே இதற்கொரு பழம்பாடம் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த நிருபதுங்க பல்லவனின் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை வழங்கியதைக் கூறுவது. அரச குடியின் புகழ் சமற்கிருதத்தில் பாடப்பட்டுள்ளது. ஆனால், நாட்டார்க்குச் சென்ற ஆணையும் ஊர்களின் எல்லையும் தமிழில் உள்ளன. வடமொழிக் கல்விக்குக் கொடை தந்த வேந்தனும், மக்களுக்குத் தெரியவேண்டியதைத் தமிழில் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

ஆகலின் வேண்டுவன இவை: புதுவையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வரும் அழைப்புக்கு முதற்குரல் தமிழ்க்குரலாதல் வேண்டும். காத்திருந்த பொழுதும், துண்டித்துச் சென்றோர் தொகையும், வரிசை மாறியோர் தொகையும் மொழிவாரியாக எண்ணி வெளியிடப்படல் வேண்டும். தமிழில் சொன்ன குறை தமிழிலேயே பதியப்படல் வேண்டும். நொடியைக் காட்டிப் பணியாளரை ஒறுத்தல் ஒழிதல் வேண்டும்.

இவற்றை ஆட்சியாளரிடமும் நிறுவனங்களிடமும் கேட்கட்டும் தமிழர். அதற்குமுன், எவரையும் கேளாது அவரே செய்யக்கூடியது ஒன்றுண்டு. விரைவு கருதி ஆங்கில எண்ணை அழுத்தும் கற்ற தமிழன், தமிழ்மட்டுமே அறிந்த பாகூர் உழவனின் வரிசையிலிருந்து ஓர் இருக்கையைப் பறிக்கிறான். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய், தொலைப்பேசியில் தமிழுக்காகச் சில மணித்துளி காத்திருக்கட்டும். பொறி முழக்கத்தைக் கேளாது. எண்ணிக்கையை மட்டுமே கேட்கும். அழுத்துக தமிழுக்குரிய எண்ணை!