முதுகில் ஒரு ஜெட்

இரும்பையைத் தாண்டி மரக்காணம் உப்பளத்தில் நிற்பவருக்குக் காற்றைப் பற்றிய கவலை கிடையாது. கடல் மட்டம். மூச்சை இழுத்தால் நெஞ்சு நிறையும். விமானத்துக்கும் அப்படித்தான். அதையே லடாக்கின் தௌலத் பேக் ஓல்டிக்குக் கொண்டுபோனால் நிலைமை வேறு. உயரம் 16,614 அடி. காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இறக்கையைத் தாங்கவும் காற்று போதாது, புரொப்பல்லர் பிடித்துத் தள்ளவும் போதாது.

சீன எல்லையை ஒட்டிய அந்த இடத்தில் 1962-ல் நம் வீரர்கள் காவல் இருந்தார்கள். சாலை கிடையாது. சாப்பாடு முதல் எல்லாமே வானத்திலிருந்துதான் வரவேண்டும்.

விமானப்படையிடம் இருந்தது 'பாக்கெட்'. அமெரிக்கத் தயாரிப்பான சி-119. 1954 முதல் இங்கே சரக்கு சுமந்த ரெட்டை வால் விமானம். புரொப்பல்லர் எஞ்ஜின் இரண்டு. மலைகளுக்கு நடுவே அதில் ஒன்று நின்றால் இன்னொன்றை நம்பிப் பிழைப்பது கஷ்டம். அதனால் விமானத்தின் முதுகில் மூன்றாவதாக ஒரு ஜெட் எஞ்ஜினை ஏற்றினார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்த ஆர்பியஸ் எஞ்ஜினும் இப்படி முதுகேறியது. 1965 போரில் பேர் வாங்கிய குட்டி விமானம் நேட் பறந்ததும் இதே ஆர்பியஸில்தான்.

மெல்லிய காற்றில் ஜெட்டின் பலமும் குறையும், வாஸ்தவம்தான். எரிபொருளையும் மடமடவென்று குடிக்கும். ஆகவே வழியெல்லாம் அதை ஓட்டுவதில்லை. கிளம்பும்போதும் மேலேறும்போதும் மட்டும். மேட்டில் திணறும் மாட்டுவண்டியைப் பின்னால் நின்று ஒரு ஆள் தள்ளுகிற மாதிரி! அமெரிக்காவின் பி-36 குண்டுவீச்சு விமானத்தில் புரொப்பல்லர் ஆறு, ஜெட் நான்கு. அவர்களுக்கு வசதி இருந்தது.

1962 ஜூலை 23. ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே பாக்கெட்டை அந்த மண் ஓடுபாதையில் இறக்கினார்.  ஆனால் இறங்குவது பாதி வேலைதான். திரும்பக் கிளம்ப முடியாவிட்டால் விமானமும் ஆட்களும் அந்தக் குளிரிலேயே கிடக்கவேண்டியதுதான். பாக்கெட் கிளம்பியது.

அக்டோபரில் போர் வந்தது. பிறகு சில வருடங்களில் அந்த ஓடுபாதை கைவிடப்பட்டது. 2008-ல் ஏ.என்-32 மறுபடி அங்கே இறங்கியது; 2013-ல் சி-130ஜே. இரண்டிலும் புரொப்பல்லரைச் சுழற்றுவதே ஜெட் எஞ்ஜினுக்குச் சொந்தக்கார டர்பைன்தான். முதுகில் தனியாக எதையும் சுமக்கவேண்டியதில்லை.