வண்டிக்கு ஆகாயத்தில் பாலம். நடக்கிறவனுக்குப் பாதை எங்கே?

காந்திபுரத்தில் சுரங்க நடைபாதை கேட்கும் முன் ஒரு கணக்கு

சாயங்காலம் ஆறு மணி. காந்திபுரம் டவுன் பஸ் நிலையம். ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் பேரன். ரோட்டு ஓரத்தில் ஒரு பாட்டி நிற்கிறார். எதிரே வெளியூர் பஸ் நிலையம். கோபி பஸ் பிடிக்க வேண்டும். நிலையத்து விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது. காலால்தான் போய்ச் சேர முடியவில்லை.

"ஏனுங்க, அக்கட்டால போறதுக்கு வழியே இல்லீங்களா?"

பக்கத்தில் நிற்கிற ஆபீஸ் குமாஸ்தா சிரிக்கிறார். "கூட்டம் சேரட்டும் பாட்டி. பத்துப் பேரா எறங்குனா வண்டி நிக்கும்."

காந்திபுரத்தில் ரோடு தாண்டும் சட்டம் இதுதான். பத்துப் பேர் சேர்ந்தால் சிக்னல். தனியாக வந்தால் தலைவிதி!

தலைக்கு மேலே பாலம்

பாட்டி நிற்கும் இடத்துக்கு அருகிலேயே மேம்பாலம் ஓடுகிறது. ஒன்றல்ல, அடுக்கு இரண்டு. முதல் அடுக்கு 2017-ல் திறந்தார்கள். நூறடி ரோட்டுப் பக்கம் இரண்டாவது அடுக்கு 2019-ல் வந்தது. செலவு சுமார் 195 கோடி ரூபாய்.

உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சுமார் 481 கோடி. பிறகு அவினாசி ரோடு. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோ மீட்டர். 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் திறந்தார்கள். செலவு 1,791 கோடி.

மூன்றையும் கூட்டினால் 2,400 கோடிக்கு மேல் வருகிறது. பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏர்போர்ட் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆம்புலன்ஸ், திருப்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வேன், எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ஆனால் பாலத்தில் ஏற வேண்டுமானால் சக்கரம் வேண்டும். ஆனைமலையில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து, கிராஸ்கட் ரோட்டில் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிற குடும்பத்துக்குச் சக்கரம் கிடையாது. இரண்டு கால்தான். அந்தக் காலுக்கு என்ன செலவு செய்தோம்?

160 மீட்டர் கணக்கு

சென்னை தியாகராய நகரில் 2023 மே மாதம் ஆகாய நடைபாதை ஒன்று திறந்தார்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கிறது. நீளம் 570 மீட்டர். லிஃப்ட் உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு. செலவு 28.45 கோடி.

இதை அவினாசி ரோடு மேம்பாலத்தோடு வைத்துப் பாருங்கள். 10.1 கிலோ மீட்டருக்கு 1,791 கோடி என்றால், 28.45 கோடிக்கு எவ்வளவு பாலம் கிடைக்கும்? சுமார் 160 மீட்டர். காரில் போனால் பத்துப் பதினைந்து நொடி. தியாகராய நகருக்கே நடைபாதை கொடுத்த பணம், இங்கே ஒரு கார் பத்துப் பதினைந்து நொடி ஓடும் பாலத்துக்குச் சமம்!

ஆகவே, "நடக்கிறவர்களுக்குச் செய்ய அரசிடம் பணம் எங்கே?" என்று யாராவது கேட்டால் நம்ப வேண்டாம். யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி.

மேலா, கீழா, நேரா?

ரோடு தாண்ட மூன்று வழி. மேலே ஏறிப் போகலாம். கீழே இறங்கிப் போகலாம். நேராக நடந்து போகலாம்.

மேலே போனால் லாரி உயரத்தைத் தாண்ட வேண்டும். நகர ரோட்டில் வண்டிக்கு 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும் என்பது விதி. பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஏற வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாடி. முழங்கால் வலிக்காரர் ஏறுவாரா? மூட்டை தூக்குகிறவர் ஏறுவாரா? லிஃப்ட் இல்லாத நடை மேம்பாலங்கள் பல ஊரில் விளம்பரத் தட்டி மாட்டத்தான் பயன்படுகின்றன.

கீழே போனால் மனுஷன் உயரம் போதும். ரோட்டின் கனத்தோடு சேர்த்து மூன்றரை மீட்டர் இறங்கினால் சரி. படி பாதியாகக் குறைகிறது. வெயில் இல்லை, மழை இல்லை. அந்த வகையில் சுரங்கப்பாதைதான் மேல். ஆனாலும் சக்கர நாற்காலிக்காரருக்குச் சரிவுப் பாதை வேண்டும். ஒரு மீட்டர் இறங்க 12 மீட்டர் நீளம் என்பது கணக்கு. மூன்றரை மீட்டருக்கு 42 மீட்டர் வேண்டும், ஒவ்வொரு பக்கமும். காந்திபுரத்தில் அத்தனை இடம் எங்கே? லிஃப்ட் வைத்துத்தான் ஆக வேண்டும்.

நேராக நடப்பது? அதற்குத் தேவை சிவப்பு விளக்கு, வெள்ளைக்கோடு, வண்டியை நிறுத்தி வைக்க ஒரு போலீஸ்காரர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிமுறையும் இதைத்தான் முதலில் சொல்கிறது. முடிந்த இடத்தில் எல்லாம் தரைமட்டத்திலேயே தாண்ட விடு. மேலும் கீழும் கடைசி வழி என்கிறது.

ஆனால் நம் ஊரில் நடந்தது என்ன? வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்று பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு, யூ டர்ன் வைத்தார்கள். வண்டிக்காரருக்கு நிம்மதி. நடக்கிறவருக்கு? முன்பு சிவப்பு விளக்கு விழும்போது அரை நிமிஷம் கிடைத்தது. அந்த அரை நிமிஷமும் போச்சு. வண்டி நின்றால்தானே தாண்ட முடியும்?

மழை பெய்தால் தெரியும்

சரி, சுரங்கப்பாதையே கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது ஒரு தடவை. காப்பாற்றுவது தினமும்.

கோவைக்காரருக்குத் தரைக்குக் கீழே போகும் பாதை புதிதல்ல. லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே, அவினாசி ரோடு பழைய மேம்பாலத்தின் அடியில் என்று ரயில் பாதைக்குக் கீழே வண்டிப் பாதைகள் இருக்கின்றன. பெருமழை பெய்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். குளம்! மோட்டார் வைத்து இறைத்தால்தான் பாதை. பள்ளத்துக்குத் தண்ணீர் வருவது இயற்கை. அதை இறைக்க மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், அதை இயக்க ஒரு ஆள். இத்தனையும் ராத்திரி இரண்டு மணிக்கும் இருக்க வேண்டும்.

மழை இல்லாத நாளில் வேறு கவலை. விளக்கு எரிகிறதா? கூட்டிப் பெருக்கினார்களா? மூத்திர நாற்றம் அடிக்கிறதா? ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற மில் பெண், ஜவுளிக்கடைப் பெண் தனியாக இறங்குவாரா? ஒரு விளக்கு அணைந்தால் பாதி பேர் இறங்க மாட்டார்கள். பாதி பேர் குறைந்தால் மீதி பேருக்கும் பயம். கடைசியில் ஒருநாள் பூட்டுத் தொங்கும்.

அதனால்தான் சொல்கிறோம்: சுரங்கப்பாதைக்கு டெண்டர் விடும்போதே விளக்கு, மோட்டார், காவலாளி, துப்புரவு நான்குக்கும் ஆண்டுச் செலவை அதே உத்தரவில் எழுத வேண்டும். எந்த இலாகா கொடுக்கும் என்றும் எழுத வேண்டும். பஸ் நிலையம் மாநகராட்சி வசம். மேம்பாலங்களைக் கட்டியது நெடுஞ்சாலைத்துறை. வண்டியை நிறுத்துவது போலீஸ். மூன்று பேர் பிள்ளைக்குப் பால் கொடுக்க யார் எழுந்திருப்பது?

டொரண்டோ சொல்லும் பாடம்

கனடாவில் டொரண்டோ. நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் நகரம். அங்கே ஊர் நடுவில் தரைக்குக் கீழே 30 கிலோ மீட்டருக்கு மேல் நடைபாதை வலை இருக்கிறது. 'பாத்' என்று பெயர். ரயில் நிலையத்தில் இறங்கி, மேலே வராமலே ஆபீஸ், கடை, ஓட்டல் எல்லாம் போகலாம். வெளியே பனி கொட்டினாலும் கோட்டு வேண்டாம்.

இதை யார் காசில் கட்டினார்கள்? 1960-களில் பெரிய கட்டடங்கள் எழும்பிய போது, அடித்தளத்தில் கடை வைத்து ஒன்றோடு ஒன்று இணைக்கும்படி நகராட்சி தூண்டியது. தொடக்கத்தில் தன் பணத்தையும் போட்டது. 1970-களில் புதிய மன்றம் வந்தது. "மக்களை எல்லாம் கீழே அனுப்பிவிட்டால் மேலே தெரு செத்துப்போகும். தெருக்கடை என்னாவது?" என்று கேட்டு உதவியை நிறுத்தியது. அப்புறமும் பாதை வளர்ந்தது. யார் செலவில்? பெரும்பாலும் கட்டட உரிமையாளர் செலவில். இன்றும் ஒவ்வொரு துண்டும் அந்தந்தக் கட்டடக்காரர் பொறுப்பு.

இதில் நமக்கு இரண்டு செய்தி. ஒன்று, கீழே போகும் கூட்டத்தால் லாபம் பார்ப்பவர் செலவில் பங்கு கொடுக்கலாம். காந்திபுரத்தில் பாதையின் வாய் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் திறந்தால், அந்தக் கடைக்கு அது தங்க வாசல். விளக்குச் செலவையாவது அவர் ஏற்கட்டும்.

இரண்டு, தெருக்கடைக்காரர் பயமும் நியாயம். பூக்காரம்மா, பழ வண்டி, செருப்பு தைக்கிறவர், இவர்கள் எல்லாம் நடக்கிறவரை நம்பிப் பிழைக்கிறவர்கள். கூட்டம் கீழே போனால் அவர்கள் அடுப்பு எரியுமா? டொரண்டோவில் பனி, கீழே போனார்கள். கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேலே நடப்பதே சுகம்!

சென்னையில் இன்னொரு வழி

சென்னையில் தரைக்குக் கீழே இருக்கும் மெட்ரோ நிலையங்களுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. டிக்கெட் எடுக்காதவரும் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறலாம். மெட்ரோக்காரர் எப்படியும் விளக்குப் போடுகிறார், காவல் வைக்கிறார், தண்ணீர் இறைக்கிறார். நடக்கிறவருக்கு அது இலவசம். சுரங்கப்பாதை பிழைத்துக்கொள்ள வேண்டுமானால் இப்படிப் பெரிய நிலையத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்.

"அப்படியானால் கோவைக்கும் மெட்ரோ வரட்டும், அப்போ பார்க்கலாம்" என்கிறார்கள் சிலர். 39 கிலோ மீட்டர் திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. நாளை அனுமதி கிடைத்தாலும் கட்டி முடிக்கப் பல வருஷம் ஆகும். அதுவரை பாட்டி ரோட்டோரத்திலேயே நிற்பதா?

கோவைக்காரர் போட்ட வழக்கு

நடக்கிறவர் உரிமைக்கு உச்ச நீதிமன்றத்தில் பெரிய வழக்கு நடக்கிறது. அதைப் போட்டவர் நம்ம ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கு அது. அதில்தான் 2025 மே 14-ந் தேதி, ஆக்கிரமிப்பு இல்லாத நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத் திறனாளியும் நடக்கும்படி இருக்க வேண்டும் என்றது. அக்டோபரில், கோவை போன்ற பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 50 நகரங்களில் நடைபாதைகளையும் ரோடு தாண்டும் இடங்களையும் ஆய்வு செய்ய உத்தரவிட்டது.

சும்மா சொல்லவில்லை. 2022-ம் வருஷம் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர்! காரும் இல்லை, பைக்கும் இல்லை. நடந்தது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, காந்திபுரம் பஸ் நிலையங்களுக்கு நடுவே நடக்கிறவருக்கென்று சிவப்பு விளக்கு. பெரிய செலவு இல்லை. நாளைக்கே வைக்கலாம். "வண்டி தேங்கும்" என்பார்கள். நிற்காமல் போக வேண்டிய வண்டிக்குத்தான் மேலே இரண்டு அடுக்கு இருக்கிறதே! கீழே வருகிற வண்டி அரை நிமிஷம் நிற்கட்டும்.

அடுத்து, நடைபாதை. விதிப்படி ஆறடி அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். பைக் நிறுத்தமும், கடைப் பலகையும் போகட்டும். தெரு வியாபாரிக்கு 2014 சட்டப்படி தனி இடம் ஒதுக்கட்டும். அவரை விரட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் கொடுத்தால் அது நியாயமல்ல.

மூன்றாவதுதான் சுரங்கப்பாதை. கூட்டம் எண்ணிப் பார்த்து, அப்போதும் வேண்டும் என்றால் கட்டட்டும். பஸ் நிலையத்துக்கு உள்ளேயே இறங்கி, மறு நிலையத்துக்கு உள்ளேயே ஏறும்படி, லிஃப்டோடு கட்டட்டும். பராமரிப்புப் பணம் இல்லாமல் அடிக்கல் நாட்ட வேண்டாம். திறப்பு விழா ஒரு நாள். விளக்கு 365 நாள் எரிய வேண்டும்.

பாட்டி என்ன ஆனார்? கூட்டம் சேர்ந்தது. குமாஸ்தா கையைக் காட்டினார். ஒரு டவுன் பஸ் டிரைவர் பிரேக் போட்டார். பேரனை இழுத்துக்கொண்டு பாட்டி அக்கட்டால போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்குத் தப்பித்தார்.

நாளைக்கும் யாரோ ஒரு டிரைவர் இரக்கப்பட வேண்டும். 2,400 கோடி செலவு செய்த ஊரில் பாட்டி இரக்கத்தை நம்பி ரோடு தாண்ட வேண்டுமா? வரி வாங்குகிறவர்கள் பதில் சொல்லட்டும்!