முதல் தொகுப்பில் விடுபடும் பெயர்

இலக்கியம் பேசும் இடத்தில் ஆடை வடிவமைப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ‘ஃபேஷன்’ என்ற சொல்லே நம்மிடையே சற்று இளக்காரமாகத்தான் புழங்குகிறது. நம் பழம்பாட்டுகளுக்கு அந்த இளக்காரம் இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனின் கந்தலைக் களைந்து, பூவேலை நிறைந்த, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய ஆடையை உடுத்தக் கொடுக்கிறான். கொடுத்தவன் பெயர் நமக்குத் தெரியும். பாடியவர் முடத்தாமக்கண்ணியார் என்பதும் தெரியும். அந்தப் பூவை இழைக்குள் கொண்டுவந்தவர் யார் என்பது மட்டும் தெரியாது.

பழங்காலத்துக் குறை அது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே குறை இன்றும் தொடர்வதால்தான் இதை எழுத நேர்கிறது. சென்னையில் 1995இல் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, இத்துறையைப் படித்து வெளிவரும் தமிழ் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் கைத்தறியின் பக்கம் திரும்புபவர்களும் உண்டு. முதல் தொகுப்புக்காக ஒரு தறியூரைத் தேடிச் செல்லும் அந்த இளைஞரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆரணியை முன்வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறோம்.

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக்கரையில் உள்ள ஊர். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். எடை குறைந்த பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. ‘ஆரணிப் பட்டு’ புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எனினும் ஆரணியில் நெய்த சேலை நகரத்துக் கடையில் காஞ்சிப் பட்டாகவே கைமாறுகிறது என்பது இவ்வூரின் பழைய மனக்குறை. ஊருக்கே பெயர் நிலைக்காத இடத்தில் நெசவாளர் ஒருவருக்குப் பெயர் நிலைப்பது எத்தனை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தறியை நம்பித் தொடங்கியவர்கள் தோற்றுவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. உத்தரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றில் 1979இல் பிறந்த ராகுல் மிஸ்ரா, இயற்பியல் படித்துவிட்டு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தவர். 2006இல் மும்பை லாக்மே ஃபேஷன் வாரத்தில் அவர் அறிமுகமானபோது எடுத்துக்கொண்டது கேரளக் கைத்தறியை. 2014இல் சர்வதேச வூல்மார்க் பரிசைப் பெற்ற முதல் இந்தியரானார். 2020 ஜனவரியில் பாரிஸ் ஓத் கூத்தூர் வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளரும் அவரே. சஞ்சய் கர்க் 2008இல் தொடங்கிய ‘ரா மேங்கோ’ மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி நெசவை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. இருவரின் திறமையையும் நாங்கள் ஐயுறவில்லை. ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மேற்கண்ட வரிகளில் மனிதர் பெயர்கள் இரண்டுதான். மற்றவையெல்லாம் ஊர், நிறுவனம், விழா. அத்துணிகளை நெய்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட எங்களால் எழுத முடியவில்லை. பொதுவெளியில் நமக்கு வந்து சேரும் வரலாறு அப்படித்தான் வந்து சேர்கிறது.

நம் ஊரிலும் கதை வேறல்ல. கலாக்ஷேத்ராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே அங்கே நெசவுக்கும் இடம் கொடுத்தார். பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டெடுத்தார். நாட்டியம் கற்பிக்கும் வளாகத்துக்குள் தறியைக் கொண்டுவந்து வைத்தது பெரிய செயல் என்றே இன்றும் கருதுகிறோம். அங்கிருந்து வந்த சேலைக்குக் ‘கலாக்ஷேத்ரா சேலை’ என்ற பெயர் நிலைத்தது. தறியில் அமர்ந்திருந்தவர்கள் அந்தப் பெயருக்குள் கரைந்துபோனார்கள்.

வடிவத்தைக் கற்பனை செய்தவர் வடிவமைப்பாளர், நெசவாளர் அதை நிறைவேற்றியவர், எனவே பெயர் முன்னவருக்கே உரியது என்று சொல்லப்படலாம். தறியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. வடிவமைப்பாளர் கொண்டுவரும் வரைபடம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அட்டையில் துளைகளாகி, ஜக்கார்டு பெட்டியில் ஏறுகிறது. தாளில் வளைவாக இருந்த கொடி, இழையில் படிப்படியாகத்தான் வளைய முடியும். எத்தனை இழைக்கு ஒரு படி, எங்கே ஜரிகையைத் தூக்கலாம், எங்கே தூக்கினால் துணியின் பின்புறம் இழை தொங்கும், எந்த ஊடை நிறம் எந்தப் பாவு நிறத்தோடு கலந்து மூன்றாவது நிறமாகும் என்பவை தறியறிவைக் கேட்டுத்தான் தீர்மானமாகின்றன. வரைபடம் கேட்பதைத் துணி கொடுக்காத இடங்கள் பல. அங்கே ஒரு மாற்று யோசனை வேண்டும். பெரும்பாலும் அதைச் சொல்பவர் தறியில் இருப்பவரே. இதைப் படைப்பு என்றல்லாமல் வேறென்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடாத பதிப்பகத்தை நாம் கண்டிக்கிறோம். மூலம் வேறொருவருடையதாயினும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தீர்மானித்தவர் மொழிபெயர்ப்பாளர் என்று வாதிடுகிறோம். அந்த நியாயத்தை நெசவாளருக்கு மறுக்க நம்மிடம் காரணம் இல்லை.

பெயரைவிடக் கூர்மையான கேள்வி கூலி பற்றியது. கைத்தறி நெசவாளர் பெரும்பாலும் துண்டுக் கணக்கில், அதாவது சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். பழகிய வடிவத்தை நெய்யும்போது இக்கணக்கு ஒருவாறு ஓடும். புதிய வடிவம் வந்தால் தறியை மாற்றிக் கட்ட வேண்டும், அட்டையை மாற்ற வேண்டும், ஒரு முழம் நெய்து பார்த்துப் பிரிக்க வேண்டும், நிறம் சரியில்லை என்றால் மறுபடி தொடங்க வேண்டும். அந்த நாள்கள் சேலைக் கணக்கில் வருவதில்லை. வடிவமைப்பாளருக்கு அது பரிசோதனைக் காலம். நெசவாளர் வீட்டில் அது வருமானமில்லாத வாரம். ஒருவருடைய முதல் தொகுப்பின் துணிச்சலுக்கு இன்னொருவருடைய அடுப்பு விலை கொடுக்கிறது. பேசப்படவேண்டிய அநீதி இதுதான் என்பது எங்கள் கருத்து.

சட்டம் இதில் உதவுமா? 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், வடிவத்தைப் பதிவு செய்துகொண்ட உரிமையாளரைக் காக்கிறது. ஊருக்கும் உரிமையாளருக்கும் இடையில் தறிக்குழியில் கால் வைத்திருக்கும் மனிதரின் பெயரை இவ்விரண்டும் கேட்பதில்லை.

இந்த மௌனத்தில் இலக்கியத்துக்கும் பங்கு உண்டு. தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். பட்டு ஜரிகைத் தொழிலை அறிந்த எம்.வி. வெங்கட்ராம் ‘வேள்வித் தீ’ எழுதினார். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில், பட்டு நெய்பவர் தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுக்க முடியாமல் போவதே துயரம். இவை நமக்கு வேண்டிய படைப்புகள்தாம். ஆனால் இவற்றைப் படித்துப் பார்த்து நாம் மனத்தில் பதித்துக்கொண்டது நெசவாளரின் பசியை மட்டுமே. ஒரு நிறத்தை ஏற்கவும் மறுக்கவும் தெரிந்த அவருடைய கண்ணை நாம் போதுமான அளவு நினைக்கவில்லை. இரக்கத்துக்கு உரியவராக மட்டும் பார்க்கப்படுபவரிடம் எவரும் யோசனை கேட்பதில்லை. அவரைக் ‘காப்பாற்ற’ மட்டுமே வருகிறார்கள்.

எதிர்வாதங்களை நாங்கள் அறியாமலில்லை. இளம் வடிவமைப்பாளரும் வசதியானவர் அல்லர். முதல் தொகுப்பு பலருக்குக் கடனில்தான் முடிகிறது. பெயரை வெளியிட்டால் பெரிய கடைக்காரர் நெசவாளரை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்ற அச்சமும் உண்டு. முதலாவதற்கு எங்கள் பதில்: கையில் பணம் குறைவென்றால் தொகுப்பைச் சிறிதாக்கலாம், பத்து உடைகளுக்குப் பதில் ஆறு செய்யலாம். பரிசோதனை நாள்களுக்குக் கூலி மறுப்பது சிக்கனமாகாது. இரண்டாவதற்கு: நல்ல கூலியும் மரியாதையும் கிடைக்குமிடத்தை விட்டு எவரும் எளிதில் போவதில்லை. போனாலும் அது அவருடைய உரிமை. பெயரை மறைத்துத்தான் ஒருவரைத் தக்கவைக்க முடியும் என்றால் அந்த உறவு முன்பே பழுதுபட்டது.

ஆகவே ஆரணிக்குச் செல்லவிருக்கும் அந்த இளைஞரிடம், அவர் மகனாயினும் மகளாயினும், நாங்கள் கேட்பது மூன்று. ஒரு பாவு முடியும்வரையாவது தறியருகே இருங்கள். பட்டுப் பாவு ஒன்றில் வழக்கமாக மூன்று சேலைகள் வரும், உங்கள் வரைபடம் எங்கே தவறியது என்பதை மூன்றாவது சேலைக்குள் கற்றுக்கொள்வீர்கள். நெய்து பிரித்த நாள்களுக்கு நாள் கணக்கில் கூலி கொடுங்கள். மேடையில் உங்கள் பெயர் ஒளிரும்போது, நெய்தவர் சம்மதித்தால், அவர் பெயரையும் ஊரையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். ‘ஆரணி நெசவாளர்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட வேண்டாம். அவருக்கு வீட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.