குழிநரியின் நிலத்தைத் தரிசு என்று எழுத வேண்டாம்: கோரிக்கை மனு

பெறுநர்: முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் (வன உயிரினம்), அரண்ய பவன், சைஃபாபாத், ஐதராபாத், பெருநகர ஆணையர், ஐதராபாத் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ரங்காரெட்டி, சங்காரெட்டி, விகாராபாத் மாவட்ட ஆட்சியர்கள்.

அனுப்புநர்: ஐதராபாத்தின் மேற்குப் புறநகரில் வாழும் தமிழ்க் குடியிருப்போர் சங்கம்.

பொருள்: நகரைச் சுற்றியுள்ள புல்வெளி, புதர் நிலங்களைக் குழிநரியின் வாழிடமாகப் பதிவு செய்து காக்கக் கோருதல். மனுவின் தெலுங்கு ஆக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தமிழில் இந்த விலங்குக்குக் குழிநரி என்று பெயர். தெலுங்கில் குண்டநக்க என்பார்கள். குண்ட என்றாலும் குழிதான். சேலம் பக்கம் வங்காநரி என்கிறார்கள். வளைக்கு வழங்கும் வங்கு என்ற சொல் அந்தப் பெயரிலும் ஒலிக்கிறது. மண்ணைத் தோண்டி அதற்குள் குடியிருக்கும் உயிர் என்பதை மக்கள் வழக்கு பெயரிலேயே சொல்லிவிட்டது. அரசின் ஏடுகளிலோ நரி ஓரிடத்திலும் அதன் மண் வேறிடத்திலும் கிடக்கின்றன. நரி 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் காக்கப்பட்ட உயிராக இருக்கிறது. அது வளை தோண்டும் நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு, பஞ்சர், புறம்போக்கு, கஞ்ச என்று கிடக்கிறது. ஒரே அரசு ஒரு கையால் நரியைக் காத்து மறு கையால் அதன் நிலத்தை வெற்றிடமாகக் கணக்கெழுதுவது நிற்க வேண்டும். எங்கள் மனு முழுவதும் இந்த ஒன்றைத்தான் கேட்கிறது.

எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்க வேண்டியிருக்கிறது. நம் கதைகளில் ஊளையிடும் நரி பெரும்பாலும் குள்ளநரி. அது நாயினத்துக்கு நெருங்கியது, ஏழெட்டுக் கிலோவுக்கு மேலும் எடை வரும், கரும்புத் தோட்டத்திலும் குப்பைமேட்டிலும் பிழைத்துக்கொள்ளும். குழிநரி வேறு. இரண்டு, மூன்று கிலோ எடை; மெல்லிய கால்கள்; நுனி கறுத்த அடர்ந்த வால். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. எலி, வெட்டுக்கிளி, வண்டு, கறையான், ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, இலந்தைப்பழம் ஆகியவை இதன் உணவு. ஆணும் பெண்ணும் சோடியாக வாழும். டிசம்பர், ஜனவரியில் இணை சேர்ந்து, ஐம்பது நாள் சினைக்குப் பின் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வளைக்குள் குட்டி ஈனும். அடர்ந்த காட்டை விரும்பாது. திறந்த புல்வெளியும் சிறு புதரும் பாறைச் சரிவும் கொண்ட தக்காண மேட்டுநிலமே இதற்கு உகந்த இடம். அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1978 இல் இதன் வாழ்க்கைமுறை குறித்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கர்நூல் பக்கத்து ரோல்லபாடு புல்வெளியிலும் சோலாப்பூர் அருகே நான்னஜ் புல்வெளியிலும் நடந்த ஆய்வுகள் இதையே உறுதிப்படுத்தின. இரண்டு இடங்களும் நமக்கு அண்டை நிலங்கள்.

இந்த மேட்டுநிலத்துக்கு ஐதராபாத்தின் பழைய ஆவணங்களில் மரியாதையான பெயர் ஒன்று இருந்தது. கஞ்ச என்பது மேய்ச்சலுக்காக வேலியடைத்து வைத்த நிலம். இன்று அந்தச் சொல் மனைக்காகக் காத்திருக்கும் அரசு நிலம் என்ற பொருளில்தான் காதில் விழுகிறது. மத்திய நிலவளத் துறை வெளியிடும் தரிசு நில வரைபட நூலை நம் நகரத்துப் பாலாநகரில் இயங்கும் தேசியத் தொலையுணர்வு மையம்தான் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரிக்கிறது. 2019 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி நாட்டில் சுமார் 5.58 கோடி ஹெக்டேர் தரிசு. அதற்குள் புதர் அடர்ந்த நிலமும் புதர் அரிதான நிலமும் தனித்தனி வகைகளாக அடங்கியிருக்கின்றன. அந்த மையத்தின் விஞ்ஞானிகள் மீது எங்களுக்குக் குறை இல்லை. கொடுக்கப்பட்ட வகைப்பாட்டின்படி அவர்கள் வரைகிறார்கள். ஆனால் வரைபடத்தில் தரிசு என்று நிறம் தீட்டிய பின், அந்த இடத்தில் எதைக் கட்டினாலும் பயனற்றதைப் பயனாக்கினோம் என்றே கோப்பு எழுதப்படும்.

கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் வழக்கு இதைத்தான் காட்டுகிறது. 2025 மார்ச் இறுதியில் அங்கே மரங்களை அகற்ற இயந்திரங்கள் இறங்கின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தடை விதித்தது. சுமார் 100 ஏக்கர் ஏற்கெனவே அழிக்கப்பட்டதாக உயர் நீதிமன்றப் பதிவாளரின் ஆய்வறிக்கை சொன்னது. நீதிமன்றத்தின் தலையீட்டை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் வாதம் முழுவதும் அது காடா, காடு இல்லையா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து எழுந்த கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் காடு என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது முதல், மரம் நிற்கும் நிலத்துக்கு வாதாட ஒரு வழி உண்டு. புல் மட்டும் நிற்கும் நிலத்துக்கு அந்த வழியும் இல்லை. மரங்கள் வெட்டப்பட்ட படங்களைக் கண்டு நாடே எழுந்தது. ஒரு மரமும் இல்லாத கஞ்ச நிலம் நிரவப்படும்போது படம் எடுக்கவும் எதுவும் இருக்காது. குழிநரி வாழ்வது பெரும்பாலும் அந்த இரண்டாம் வகை நிலத்தில்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அது எங்கே பாய்கிறது என்று பாருங்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரக் கிராமங்களில் பொங்கலையொட்டி வங்காநரியை வலை வைத்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுபோய், ஓடவிட்டு மீண்டும் விடுவிக்கும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கை அதன் வேர். தெலுங்கிலும் அதிர்ஷ்டசாலியைப் பார்த்து நக்க வாலை மிதித்து வந்தாயா என்று கேட்பார்கள். தமிழ்நாடு வனத்துறை அந்தக் கிராமத்தாருக்கு அபராதம் விதித்து வருகிறது. விலங்கைத் துன்புறுத்துவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்த நடவடிக்கை சரியே. ஆனால் ஒரு நரியை ஒரு நாள் பிடித்தவர் குற்றவாளி ஆகிறார். நரிச் சோடி ஒன்று குட்டிகளோடு இருக்கும் வளையைப் பொக்லைன் இயந்திரம் மூடினால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பறவை, ஊர்வனவற்றின் கூட்டையும் முட்டையையும் சிதைப்பது பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. பாலூட்டியின் வளை அப்படிக் குறிக்கப்படவில்லை. இந்த ஓட்டையை நாடாளுமன்றம்தான் அடைக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நிலத்தை ஒப்படைக்கும் ஆணையில் ஒரு நிபந்தனையாக மாநில அரசே இதைச் சேர்க்கலாம்.

அடுத்து சொல்வது சிலருக்குக் கசக்கும். 2015 இல் தொடங்கிய ஹரிதஹாரம் மரநடவுத் திட்டமும் அதன் தொடர்ச்சியான வனமகோத்சவமும் நல்ல நோக்கத்தில் பிறந்தவை. சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் சீரழிந்த காட்டிலும் நடும் மரத்தை நாங்களும் வரவேற்கிறோம். ஆனால் நாற்று எண்ணிக்கைக்கு இலக்கு வைத்தால், குழி தோண்ட எளிதான, எதிர்ப்புச் சொல்ல ஆள் இல்லாத மேய்ச்சல் நிலம்தான் முதலில் தேர்ந்தெடுக்கப்படும். நான்னஜில் ஆய்வாளர் அபி தமீம் வனாக்கின் குழுவினர் நரிகளுக்கு வானொலிப் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தபோது, அவை புல்வெளியையும் தரிசையும் நாடுவதையும் மரத்தோப்பிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் விலகுவதையும் கண்டார்கள். திறந்த வெளியில் எதிரியைத் தொலைவிலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும் விலங்குக்குத் தோப்பு புகலிடம் ஆகாது. அந்த நிலத்தைப் பச்சையாக்கினோம் என்று அறிக்கை எழுதும் வேளையில் அங்கே வாழ்ந்தது வெளியேறிவிடுகிறது.

நரிகளைப் பிடித்து தேசியப் பூங்காக்களில் விட்டால் என்ன என்பது அடிக்கடி வரும் யோசனை. சில்குரின் மிருகவனி சுமார் 3.6 சதுர கிலோமீட்டர். ஜூபிளி ஹில்ஸின் காசு பிரம்மானந்த ரெட்டி பூங்கா அதிலும் பாதிக்குக் குறைவு, நாற்புறமும் சாலை. இரண்டும் மரமும் புதரும் மண்டியவை. எல்லை வகுத்துச் சோடியாக வாழும் விலங்கை அந்நிய இடத்தில் இறக்கிவிட்டால் அது தன் பழைய வளையைத் தேடிச் சாலையைக் கடக்கும். லண்டன் தெருக்களில் நரி குப்பைத்தொட்டியருகே திரிகிறதே, இங்கும் பழகிக்கொள்ளாதா என்ற கேள்வியும் உண்டு. அங்கே இருப்பது செந்நரி. 1930களிலிருந்தே இங்கிலாந்து நகரத் தோட்டங்களில் குடியேறிய வேறு இனம். அதற்கும் நகரம் சொர்க்கமாக இருக்கவில்லை: 1990களின் நடுவில் பிரிஸ்டல் நகரில் பரவிய சொறிநோய் நரிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றை அழித்தது.

நகரம் வளர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். எங்கள் உறுப்பினர்கள் குடியிருக்கும் அடுக்ககங்களும் முன்னொரு காலத்துக் கஞ்ச நிலத்தில் எழுந்தவையே. அந்தப் பொறுப்புணர்வோடுதான் எழுதுகிறோம். 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு வெளியே, சுமார் 340 கிலோமீட்டர் மண்டல வட்டச் சாலை வரப்போகிறது. எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்யும் வாய்ப்பு இன்னும் கைவசம் உள்ளது. வேலைவாய்ப்புக்கு ஒதுக்கும் நிலத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்கே வளை இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒதுக்குங்கள் என்கிறோம்.

வெறிநாய்க்கடி நோய் பற்றிய அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2023 பிப்ரவரியில் அம்பர்பேட்டையில் தெருநாய்கள் தாக்கி நான்கு வயதுச் சிறுவன் இறந்த துயரம் இந்த நகரத்தின் மனத்தில் இருக்கிறது. வெறிநோய் நரிக்கும் வரும், உண்மை. ஆனால் மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய் வழியாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்னஜ் ஆய்வுகளும் ஆபத்து நாயிடமிருந்து நரிக்குப் போவதையே காட்டின: ஊர் நாய்கள் நடமாடும் இடத்தில் நரி இரையை விட்டு விலகுகிறது, நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர், பார்வோ நுண்ணுயிரிகள் நரிகளையும் தொட்டிருக்கின்றன. நரியைக் கொன்றால் நோய் ஒழியும் என்று ஐரோப்பா பல்லாண்டு முயன்று தோற்றது. சுவிட்சர்லாந்து 1978 இல் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்து ரோன் பள்ளத்தாக்கில் போட்டது. 1999 இல் அந்நாடு வெறிநோயற்றதாக அறிவிக்கப்பட்டது. கொன்று சாதிக்காததைத் தடுப்பு மருந்து சாதித்தது. இங்கே மருந்து போய்ச்சேர வேண்டிய இடம் விளிம்புக் கிராமங்களின் நாய்கள். 2023 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதற்கு ஏற்கெனவே வழி தருகின்றன. மாநகர எல்லையோடு அந்த வேலை நின்றுவிடக் கூடாது, அவ்வளவே.

ஆடு வளர்ப்போருக்கு நரி பகை என்பதும் அளவு தெரியாமல் சொல்வது. மூன்று கிலோ விலங்கு வளர்ந்த ஆட்டை வீழ்த்தாது. எப்போதாவது கோழியைத் தூக்கும். அதற்கு இரவில் அடைக்கும் உறுதியான கூடு போதும். விதைத்த வயலில் அது தின்னும் எலியின் பலன் உழவருக்கு. உண்மையில் நரியும் குருமா, கொல்லா மேய்ப்பர் சமூகங்களின் மந்தைகளும் ஒரே புல்லை நம்பியிருப்பவை. மாநில அரசு 2017 இல் 75 விழுக்காடு மானியத்தில் 20 பெட்டையும் ஒரு கிடாயும் குடும்பம்தோறும் வழங்கத் தொடங்கியது. ஆடு கொடுத்த அரசு மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்கவில்லை. இருந்த கஞ்சவும் சுருங்கியது. நரிக்காக நாங்கள் கேட்கும் நிலம் மேய்ப்பருக்கும் உதவும். மேய்ச்சலை விலக்கி வேலியடைக்கும் பாதுகாப்பை நாங்கள் கேட்கவில்லை.

இவ்வினம் அருகிவிடவில்லை, உலகப் பட்டியலில் குறைந்த கவலைக்குரியதாகத்தான் உள்ளது என்று துறை பதில் தரலாம். எண்ணிக்கை குறைந்துவருகிறது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. ரோல்லபாடு 1988 இல் கானமயிலுக்காகச் சரணாலயம் ஆனது. அரிதாகிவிட்ட அந்தப் பறவையை அங்கே தக்கவைக்க முடியவில்லை. மலிவாகவும் எளிதாகவும் காக்க முடிகிற காலம், விலங்கு இன்னும் இருக்கிற காலம்தான்.

ஆகவே வேண்டுகிறோம். பூ பாரதி நிலப்பதிவில் கஞ்ச, மேய்ச்சல் புறம்போக்கு இனங்களுக்கு எதிரே இயற்கைப் புல்வெளி என்ற குறிப்பைச் சேர்த்து, ரங்காரெட்டி, சங்காரெட்டி, விகாராபாத் மாவட்டங்களில் வனத்துறையும் வருவாய்த்துறையும் கூட்டாக வளைக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். மேய்ப்பர்களுக்குக் கூலி கொடுத்து அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும், எந்தச் சரிவில் எந்த வளை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு துண்டு நிலத்தை எந்த நிறுவனத்துக்கும் மாற்றுவதற்கு முன் அந்தக் கணக்கைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். பிப்ரவரி முதல் மே முடிய, வளை உள்ள இடத்தில் மண் வேலைக்கு அனுமதி கூடாது. புல்வெளி எனக் குறித்த நிலத்தை மரநடவு இலக்கிலிருந்து நீக்க வேண்டும். மண்டல வட்டச் சாலையின் சிறுபாலங்களை விலங்கு கடக்கும் அகலத்தில், தரை மண்ணாக விட்டு அமைக்க வேண்டும். விளிம்புக் கிராமங்களில் நாய்த் தடுப்பூசியும் நாய்களை ஈர்க்கும் கோழிக்கழிவு அகற்றலும் சேர்ந்து நடக்க வேண்டும். நரிக்கொம்பு, நரிப்பல் என்று தாயத்து விற்பவர்கள் மீது நடவடிக்கை தேவை. வாங்குவோருக்கும் அது குற்றம் என்பதைத் தெலுங்கு, உருது, தமிழ் மூன்றிலும் அறிவிக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக 2026 ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான தருணம் வேண்டியதில்லை. மற்றவற்றுக்குக் காலம் எடுக்கும் என்பதை உணர்கிறோம். மண் வேலைக்கான பருவத்தடைக்கு மட்டும் ஒரு சுற்றறிக்கை போதும். குட்டிகள் பிப்ரவரியில் பிறக்கத் தொடங்குவதால், வரும் ஜனவரி முடிவதற்குள் அதை வெளியிட்டு, அதன் நகலை எங்களுக்கும் மேய்ப்பர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்