டிராக்டர் சாமானுக்கு எங்கள் சங்கிலியா?



கோலம், கைவைத்தியம், மாமியார் மருமகள் என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது பழைய டிராக்டருக்கு வாங்கும் ஸ்பேர் சாமான் பற்றி. "இது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே, இங்கே எதுக்கு?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். டிராக்டர் ஓட்டுவது பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் அது படுத்துக்கொண்டால் அடகுக்கடைக்குப் போவது யாருடைய சங்கிலி?

எங்கள் புதுக்கோட்டைச் சீமை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் உளுந்து, கடலை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எட்டுவது கொஞ்சம் ஊர்களுக்குத்தான். ஐப்பசியில் மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். ஜல்லிக்கட்டுக்குப் பேர் போன மாவட்டம் இது. வாடிவாசலில் அவிழ்த்துவிடக் காளை உண்டு. ஏரில் பூட்ட மாடு தேடினால் கிடைப்பது அபூர்வம். ஆக, டிராக்டர் இல்லாமல் உழவு இல்லை. கிராமத்துக்குள் சுற்றும் வண்டிகளோ பலவும் இருபது வருஷம், முப்பது வருஷம் ஆனவை. எங்கள் வீட்டில் நிற்பதும் அப்படி ஒன்றுதான்.

சாமான் விலை ஏன் இப்படி ஏறிக்கிடக்கிறது? முதல் காரணம், வண்டி செய்த கம்பெனியே இன்று இல்லாமல் போனது. எச்.எம்.டி. டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் ஹரியானாவிலுள்ள பிஞ்சூரில் செக் நாட்டு ஜீட்டர் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு தயாரிக்க ஆரம்பித்தார்கள். உழைப்பாளி வண்டி என்று பெயர் எடுத்தது. 2016-இல் அந்த டிராக்டர் பிரிவை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. தொழிற்சாலை மூடினால் வண்டியும் கூடவே நின்றுவிடுமா? அது ஓடத்தான் செய்கிறது. சாமானுக்குத்தான் ஆளாய்ப் பறக்க வேண்டியிருக்கிறது. எஸ்கார்ட்ஸ் தயாரித்த நீலக்கலர் போர்டு வண்டிகளும் அப்படியே. போர்டு கம்பெனி உலகம் முழுக்க டிராக்டர் தொழிலையே விட்டு ஒதுங்கிவிட்டது. ஐச்சர் டிராக்டர் 2005-இல் டாபே கைக்குப் போனது. சுவராஜ் 2007-இல் மகிந்திரா கைக்குப் போனது. இவற்றுக்கு ஆதரவு இருக்கிறது, பரவாயில்லை. ஆனாலும் முப்பது வருஷத்து மாடலுக்கு எல்லாச் சாமானும் கடை அலமாரியில் காத்திருக்காது. திருச்சிக்கோ சென்னைக்கோ சொல்லிவிட்டு, பஸ் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புதான் பெரிய செலவு. பில்லில் எழுதாத செலவு. நாலு நாள் வண்டி நின்றால் சொந்த வயல் ஈரம் போச்சு, வாடகை உழவு போச்சு, டிரைவர் வேறு வண்டிக்குப் போயாச்சு. அதனால் அந்த அவசரத்தில் எந்தச் சாமான் கையில் கிடைக்கிறதோ அதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். "கம்பெனி சாமான்தாங்க" என்று கடைக்காரர் சொல்வார். டப்பா பார்த்தால் அசல் போலவே இருக்கும். மறு வருஷமே அதே கோளாறு.

இன்னொன்றும் இருக்கிறது. சாமானைவிட அதை மாட்டும் கூலி பெரிது. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பின்பக்க கிராங்க் ஆயில் சீல் ஒழுகினாலும் அப்படித்தான். அந்தச் சீல் சின்ன சாமான். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஆயில் கசிந்து புது கிளட்ச் பிளேட்டைக் கெடுக்கும், மறுபடி வண்டியைப் பிரிக்க வேண்டும். ஒருமுறை பிரிக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் மூன்றையும் பார்த்துவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம். விஷயம் தெரிந்த மெக்கானிக் இதைச் சொல்வார். தெரியாதவரிடம் நாம்தான் கேட்க வேண்டும்.

அது சரி, நமக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? 1991-இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் தொடங்கியபோதும் இதே பேச்சுதான். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா" என்று சிரித்தவர்கள் வீட்டுப் பெண்களே பிறகு ஓட்டினார்கள். கல் குவாரி குத்தகை எடுத்து நடத்திய பெண்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். அந்தத் தலைமுறையின் மகள்கள் நாம். ஒரு பில்லைப் படித்துப் பார்க்க முடியாதா?

நான் சொல்வது பெரிய வித்தை இல்லை. சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். என்ன சாமான் போச்சு? அது ஏன் போச்சு? கழற்றிய பழைய சாமான் எங்கே? பில் எங்கே? "அவுக பார்த்துக்குவாக" என்று இருந்துவிடாதீர்கள். பழைய சாமானைக் கையில் வாங்கி வைத்தால் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்ல முடியாது. பில் தர மறுப்பது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடன் வாங்கும் வீட்டில் கணக்கு கேட்பது சண்டை இல்லை, கடமை.

பில்லில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப், கிளட்ச் அசெம்பிளி, கியர் பாக்ஸ், ரேடியேட்டர், ஹைட்ராலிக் பம்ப், சைலன்சர் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பத்தாயிரம் ரூபாய் சாமானுக்கு முன்பு 1,800 ரூபாய் வரி; இப்போது 500. மிச்சம் 1,300. பட்டியலில் பெயருள்ள சாமான்களுக்குத்தான் இந்தச் சலுகை. அந்த 1,300 நம் பைக்கு வந்ததா, வேறு பைக்குப் போனதா என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

சாமான் சீக்கிரம் போகாமல் காப்பதிலும் நமக்குப் பங்கு உண்டு. நம் ஊர் செம்மண் புழுதிதான் எஞ்சினுக்கு முதல் எதிரி. பழைய வண்டிகளில் காற்று வடிகட்டியின் அடியில் ஆயில் ஊற்றும் கிண்ணம் இருக்கும். அதைக் கழுவிப் புது ஆயில் ஊற்றாவிட்டால் புழுதி உள்ளே போய் லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். பிறகு எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டியதுதான். டீசல் பில்டரை மாற்றாமல் ஓட்டினால் நாசிலும் பம்பும் கெடும். சேத்துழவு முடிந்த வண்டியைக் கழுவி கிரீஸ் வைக்காவிட்டால் அச்சு பேரிங் போகும். கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் டிரைவரை நாம் வரப்பிலிருந்தே பார்க்கிறோமே, ஒரு வார்த்தை சொல்லலாம். காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற கை, ஆயில் மாற்றிய தேதியையும் எழுதட்டும்.

"இத்தனை தொல்லை எதுக்கு, பழசை வித்துட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே" என்பார்கள். புது வண்டி ஏழெட்டு லட்சம். தவணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும், மழை வந்தாலும் வராவிட்டாலும். கடன் தீர்ந்த பழைய வண்டி அதைவிட நிம்மதி. அதற்காகப் பழசைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். வருஷத்து ரிப்பேர் செலவையும், அதே உழவை வாடகைக்கு அடித்தால் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூணு ஏக்கர்காரருக்குச் சொந்த டிராக்டர் பல சமயம் கௌரவத்துக்குத்தான். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணி வாடகைக்குத் தருகிறது. வாசலில் வண்டி நிற்பதைவிட கழுத்தில் சங்கிலி நிற்பது மேல் என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள்.

அமெரிக்காவில் இன்னொரு கூத்து. புது டிராக்டரெல்லாம் கம்ப்யூட்டர் மயம். கோளாறு வந்தால் கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும். அதனால் அங்குள்ள விவசாயிகள் நாற்பது வருஷத்து வண்டிகளை ஏலத்தில் போட்டி போட்டு வாங்கினார்கள். கொலராடோ மாநிலம் விவசாய எந்திரங்களை விவசாயியே பழுது பார்க்கும் உரிமைக்கு 2023-இல் சட்டம் போட்டது. 2024 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது. நம் மத்திய அரசும் 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அது கவனித்த நாலு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஆலங்குடிப் பட்டறை வாசலுக்கு எப்போது வரும்?

புது எந்திரம் வாங்கினால் பெண் விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. பழைய எந்திரத்தை ஓடவைக்கவும் வழி செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. ஒவ்வொரு தாலுகாவிலும் கூட்டுறவுச் சங்கம் மூலம் அசல் சாமான் விற்கும் டிப்போ ஒன்று வேண்டும். எந்த மாடலுக்கு எத்தனை வருஷம் சாமான் தருவோம் என்பதையும், விலைப் பட்டியலையும் கம்பெனிகள் தமிழில் அச்சடித்துத் தர வேண்டும். ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் படிப்பில் நம் பெண் பிள்ளைகளையும் துணிந்து சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். அதுவரை பில்லையும் பழைய சாமானையும் கேட்டு வாங்குவோம், சகோதரிகளே. கேட்டால் முகம் சுளிக்கிற கடைக்கு அடுத்த முறை போகவே வேண்டாம்.

— ஒரு வாசகி,
ஆலங்குடி தாலுகா, புதுக்கோட்டை மாவட்டம்.